கேட்கக் கூடாத கேள்வி

என் கோபக்காரப் பெண்டாட்டிக்கு,

எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது. மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். உள்ளே தாழ் மட்டும் போடாதே, அவசரமென்றால் அவர் திறந்து வர முடியாது.

"ஊரார் இடுப்பையெல்லாம் பார்க்கிறீங்க, என்னை ஒருநாளாவது வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களா?" என்று நேற்று வெடித்தாய். வலியோடே வாழ்கிறவர்களிடம் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் அதைக் கேட்கமாட்டோம். கேட்டால் மனசு வலியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் உன்னிடமும் "இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தே?" என்றே கேட்டுத் தொலைத்தேன்.

பி.கு.: நீ குனியாமல் இருக்க, கீழ்த்தட்டுப் பாத்திரங்களை மேலே எடுத்து வைத்துவிட்டேன். நோயாளி வீட்டார் இப்படிச் செய்தால், "அவங்களே குனிஞ்சு எடுக்கட்டும், விடுங்க" என்று கத்துவேன்.

இன்னொன்று. பாதிப் படி இறங்கியவன் திரும்ப ஏறி வந்து எழுதுகிறேன். எழுந்ததும் போன் பண்ணு.

ரொம்ப வலிக்குதாம்மா?