அணைக்க விளக்கு இல்லாத கடைசிக் காட்சி

பாசமுள்ள அண்ணா,

மூலக்கொத்தளத்தில் உன்னைப் புதைத்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிறு உன் நாடகத்தை மறுபடி போடுகிறோம். ஒத்திகை அதே திருவொற்றியூர் மொட்டைமாடியில்தான். மணலி ஆலைப் புகைக் காற்றில் இருமிக்கொண்டே வசனம் பேசுகிறோம்.

கடைசிக் காட்சியில்தான் தகராறு. வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ளும் தாளை முதலாளி நீட்டுகிறார். 'தலைவர் பேனாவை எடுக்கிறார். விளக்கு அணைகிறது.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டாரா, இல்லையா? யார் கேட்டாலும், வேஷம் போடுகிறவன் முடிவு செய்யட்டும் என்று நழுவிவிடுவாய். நல்ல சாமர்த்தியம்.

தலைவராக நடித்த ரவிக்கு ஷிப்ட் மாறிவிட்டதால் அந்த வேஷம் இப்போது என் தலையில். போதாததற்கு இந்த முறை தெருவில், பட்டப்பகலில் போடுகிறோம். அணைக்க விளக்கு கிடையாது அண்ணா.

தாளைக் கிழித்தெறிந்தால்தான் கைதட்டு வரும் என்கிறார்கள் பசங்க. கையெழுத்துப் போட்டுவிட்டதாக வைத்தால் என்ன என்று நான் மெதுவாகக் கேட்டேன். முதலாளியாக நடிக்கிற காதர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா பேசுற? மத்தவங்க போட்டாங்க. என் தோஸ்து, உங்கண்ணன், போடல. நாடகத்துலகூட அவன் பேரக் கெடுக்காத."

நிஜத்தில் உங்கள் வேலைநிறுத்தத்தை முடித்த அந்தத் தாளால்தானே அவருக்கு வேலை போனது? இன்றைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, உனக்காக என்னோடு சண்டைக்கு வருகிறார்.

நீங்கள் இருவரும் வேலை பார்த்த அந்தக் கம்பெனி ஆபீசில் எனக்குப் பழைய ஃபைல்களை அடுக்கும் வேலை என்பது உனக்குத் தெரியாதா? போன மாதம் அந்தத் தாள் கையில் கிடைத்தது. கீழே உன் கையெழுத்து. அதற்கு அடுத்த தாள், என்னை வேலைக்கு எடுத்த உத்தரவு. இரண்டிலும் ஒரே தேதி.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பாயின் ஆட்டோவில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லிவிடப் போகிறேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவர் வருவாரா, என் முன்னால் அந்தத் தாளை நீட்டுவாரா, தெரியாது. நீட்டினால், எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம்.

உன் கையெழுத்தில் சோறு தின்கிற தங்கை,
மல்லிகா