போய்விட்ட படம்

7 ஜூலை 2025, திங்கள்

மருதாணி போட்டுப் பிழைக்கிறவளுக்குக் கோடிங் எதற்கு என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். கல்யாணப் பெண்கள் எல்லோரும் போனில் பார்த்த அதே டிசைனையே கேட்கிறார்கள், அலுத்துவிட்டது. கோடிங்கில் புதிது புதிதாக டிசைன் வரவைக்கலாமாம். நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் என் பள்ளித் தோழி ஹரிப்ரியா ஞாயிறுதோறும் மாமல்லபுரம் வந்து சொல்லித்தருகிறாள். இன்று நானாக ஒரு பூ வரைந்தேன். கோன் பிடித்தால் பத்து நொடி. லேப்டாப்பில் ஒன்றரை மணி நேரம்!

9 ஜூலை, புதன்

முஜீபைப் பேச்சுப் பயிற்சிக்குச் செங்கல்பட்டு கூட்டிப்போனேன். பக்கவாதம் வந்து ஏழு மாதம். என் கணவர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. இன்றும் இல்லை.

12 ஜூலை, சனி

எழுதியே ஆக வேண்டும்.

மதியம் அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, ஹரிப்ரியா எழுதிக் கொடுத்த, தானாகவே டிசைன் போடும் புரோகிராமை ஓட்டினேன். ரன் பட்டனை அழுத்தும்போதெல்லாம் வேறு படம் வரும். நாலாவது படத்தில் கொடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தன.

"நல்லா கீது."

முஜீப்! என் முஜீப்தான்!

"இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க" என்று கத்தினேன். இதைவிட அழகாகக் காட்டுகிறேன் என்ற திமிரில் ரன்னை அழுத்தித் தொலைத்தேன். படம் போய்விட்டது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

13 ஜூலை, ஞாயிறு

ஹரிப்ரியா வந்தாள். "ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர் இருக்கும் ஷாஹிதா. அதைச் சேவ் பண்ணியிருந்தா அதே படம் திரும்ப வரும். நீ பண்ணல."

"இப்ப இன்னாடி பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

நம்பரைத் திரையில் காட்டும் வரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இனிமேல் எதற்கு அது?

17 ஜூலை, வியாழன்

எழுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அது இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

அந்தப் படமே மறந்துகொண்டு வருகிறது. கொடி இடப்பக்கம் வளைந்ததா, வலப்பக்கமா? ஞாபகத்தில் இருந்ததைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும் உங்களுக்கு — கேட்டேவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர். முடியாத மனுஷனைப் போய்… நான் எல்லாம் ஒரு பொம்பளையா? யா அல்லாஹ், என்னால் எதுவும் ஆகவில்லை.

23 ஜூலை, புதன்

தேடுவதை விட்டுவிட்டேன்.

27 ஜூலை, ஞாயிறு

அடுத்த வாரம் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். மணப்பெண் கைக்கு டிசைன் பார்க்கத்தான் லேப்டாப்பைத் திறந்தேன், அவருக்காக இல்லை. ஒரு படம் பரவாயில்லை என்று தோன்ற, பார்த்து வரையப் பேப்பரை எடுத்தேன். கட்டிலிலிருந்து இடது கை நீண்டது. ரன் பட்டனைக் காட்டியது.

"இன்னொண்ணு."

இத்தனை நாளாக நான் மட்டும்தான் அந்தப் பழைய படத்தைத் தேடிக்கொண்டிருந்தேனா?

அழுத்தினேன். பார்த்தார்.

"இன்னொண்ணு."

மணப்பெண்ணுக்குப் பார்த்துவைத்த படமும் போயிற்று. நம்பரைப் பார்க்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.