நீலப் பட்டைக்காரி

திருச்சி, பாலக்கரை
10-11-1941

அன்புள்ள அக்காவுக்குக் கமலவேணி எழுதுவது. நீங்களும் மாமாவும் என் மகள் அஞ்சலையும் சுகமாக இருக்க நம் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை சைக்கிள் பந்தயத்தில் பதினோராம் மைல் கல்லுக்குப் பக்கத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். வளர்ந்துவிட்டாள், அக்கா. தூரத்தில் வரும்போதே கையை ஆட்டிக்கொண்டு குதித்தாள். நான் அருகில் வருவதற்குள் கையை இறக்கிவிட்டாள். வெயிலில் கை வலித்திருக்கும்.

'ஏண்டி எப்பவும் நீயே பின்னால வர்றே, கால்ல தெம்பு இல்லையா?' என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். இளையபெருமாள் முதலாளி கடையில் இரண்டு தினுசு சைக்கிள் விற்கிறது. விலை கூடிய சீமை வண்டியைப் பொன்னுத்தாய் ஓட்டுகிறாள். அவளுக்கு மார்பின் குறுக்கே சிவப்புத் துணிப் பட்டை. மலிவு வண்டி எனக்கு, நீலப் பட்டை. சிவப்பு ஜெயித்தால்தான் சீமை வண்டி விலைபோகும். ஆகவே பெரம்பலூரில் கிளம்பும்போதே அரியலூரில் யாருக்கு மாலை என்பது முடிவாகிவிடும். மேட்டில் ஏறினால் பொன்னுத்தாய்க்கு மூச்சு வாங்கும். அவளுக்குப் பின்னால் நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். தோற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அஞ்சலையின் அப்பா உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார். அவர் வாடகைக் கடை வண்டியில் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இதற்குத்தானா என்று கேட்டிருப்பார்.

மாமா சொன்னபடி நான் ஊருக்குள் இறங்கவில்லை, இறங்கவும் மாட்டேன். அஞ்சலையை மாதம் ஒரு தடவை அந்தக் கல்லடிக்கு மட்டும் கூட்டி வாருங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
கமலவேணி


அரியலூர் ரோடு, பதினோராம் மைல்
2-12-1941

அன்புள்ள கமலத்துக்கு அக்கா கிருஷ்ணம்மாள் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. நான் படித்த மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவுதான் கையெழுத்து வரும், சிரிக்காதே.

பருத்தி இந்த வருஷம் பரவாயில்லை. அஞ்சலைக்கு ஒரு வாரம் இருமல், இப்போது தேவலை. உடைந்த சல்லடை வளையம் ஒன்றை உருட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறாள். 'எங்கம்மா தோக்கவே மாட்டா' என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சண்டை. படுத்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

உன் மாமாவிடம் உன் பேச்சை எடுத்தாலே கோபம். 'தாலியறுத்தவ தொப்பி போட்டுக்கிட்டு ரோட்ல மிதிக்கிறா' என்கிறார். ஆனால் பந்தயத்தன்று அவரும் வயலுக்குப் போகாமல் ரோட்டோரம்தான் நிற்கிறார். இதை நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
கிருஷ்ணம்மாள்


திருச்சி
27-3-1942

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நல்லபடியாகப் படியுங்கள். மலேயா ஜப்பான்காரன் கையில் போனதிலிருந்து டயர் கிடைப்பதில்லை. ஒட்டின டயரின் மேலேயே ஒட்டுப் போட்டு ஓட்டுகிறோம். சீமையிலிருந்து சைக்கிளும் வரவில்லை. கடையில் மிச்சமிருப்பது மலிவு வண்டிகள் மட்டும். முதலாளி பந்தயத்தை நிறுத்துகிறார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி கடைசி ஓட்டம். இருக்கும் சரக்கை விற்க வேண்டும் என்பதால் இந்த ஒரு தடவை நீலம் ஜெயிக்க வேண்டுமாம்! அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று. பெட்ரோல் கட்டுப்பாட்டால் ஆஸ்பத்திரி நர்சுகள் சைக்கிள் பழக வருகிறார்கள். கற்றுக்கொடுக்க எங்கள் இருவரில் ஒருத்தியை முதலாளி வைத்துக்கொள்வார். அஞ்சலை என்னோடு வந்தால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வேன். கடைக்குப் பின்னால் ஓர் அறையும் தருகிறார். பக்கத்திலேயே பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அக்கா, என் பிள்ளையை எனக்குத் தரும்படி மாமாவிடம் கேளுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அஞ்சலையிடமும் சொல்லிவையுங்கள், இந்தத் தடவை அம்மா முன்னால் வருவாள் என்று.

தங்கள் தங்கை,
கமலவேணி


பதினோராம் மைல்
4-4-1942

அன்புள்ள கமலத்துக்கு,

கேட்டேன். உன் மாமா இரண்டு நாள் வயலிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: 'அன்னிக்கு அவ கல்லுகிட்ட எறங்கட்டும். புள்ள தானா அவகிட்டப் போனா கூட்டிக்கிட்டுப் போகட்டும். யாரும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது, கையப் புடிச்சு இழுக்கக் கூடாது. புள்ள போகலேன்னா அதோட சரி, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.' ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லை மாற்ற மாட்டார், உனக்கே தெரியும்.

அஞ்சலையின் துணிகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். வேறென்ன எழுதுவது?

கிருஷ்ணம்மாள்


திருச்சி
11-4-1942

அக்காவுக்கு,

அரியலூரில் எனக்கு மாலை போட்டார்கள். முதல் மாலை. ஸ்டேஷன் பெஞ்சிலேயே வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

நான் பொன்னுத்தாயைக் கால் மைல் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். கல்லடியில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, ரோட்டில் முட்டி போட்டுக் கையை நீட்டினேன். என் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எட்டி எட்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். பொன்னுத்தாய் இரைத்துக்கொண்டு வந்து சேர்ந்ததும் நான் நீட்டிய கையைத் தாண்டி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். 'அம்மா, ஏன் தோத்துட்டே?' என்று கேட்டு அழுதாள்.

மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள்.

அவளிடம் என்ன சொல்லி வளர்த்தீர்கள், அக்கா? அதை மட்டும் எழுதுங்கள்.

கமலவேணி


பதினோராம் மைல்
20-4-1942

கமலம்,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இனி ஒளிக்க முடியாது.

நீ பந்தயத்தில் சேர்ந்து முதல் தடவை வந்தபோது பிள்ளைக்கு நாலு வயசு. கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுப்போன உன் முகம் அதற்கு நினைவில்லை. இடுப்பில் வைத்திருந்தேன். முதலில் சிவப்புப் பட்டை போனது, எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் நீ வந்தாய். பருத்தி எடுக்க வந்த ஆட்கள், 'இந்தம்மா கஞ்சி குடிக்கலியா' என்று கத்திச் சிரித்தார்கள். அப்போது பிள்ளை கேட்டது, 'இதுல எங்கம்மா யாரு?' அந்தச் சிரிப்புக்கு நடுவில் உன்னைக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. 'முன்னால போச்சே, அதான்' என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் பூத்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அவள் கை ஆட்டியதெல்லாம் சிவப்புப் பட்டைக்குத்தான். நீ அருகில் வரும்போது கையை இறக்கியது வெயிலால் இல்லை.

அதுவரைக்கும் நான் செய்தது உன் மேல் உள்ள பாசத்தால். பிறகு செய்ததுதான் பாவம். நீ மார்ச்சில் எழுதிய பிறகு எனக்குப் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உன்னிடம் ஓடிவிடுவாளே என்று பயந்தேன். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, கமலம். மூட்டையைக் கட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அவளிடம் உண்மையைச் சொன்னேன். 'அது தோக்குற ஆளு, எங்கம்மா இல்ல' என்று கத்தி அழுது மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். உன் மாமா இனி அந்தப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். நீ சொன்னால் நான் மறுபடியும் சொல்லிப் பார்க்கிறேன். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

கிருஷ்ணம்மாள்


திருச்சி
6-5-1942

அக்காவுக்கு,

திட்ட வரவில்லை. சிரித்தவர்கள் நடுவில் நான் நின்றிருந்தாலும் முன்னால் போனவளைத்தான் காட்டியிருப்பேன். அந்தப் பத்து நாளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை நீங்களும் சுமந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

மறுபடியும் சொல்ல வேண்டாம். காய்ச்சல் வரவைத்து ஒரு தாயைக் கொடுக்க வேண்டாம். பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால், டயர் கிடைக்காததால் உன் அம்மா வரவில்லை என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நர்சுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பொன்னுத்தாய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். குண்டு விழும் என்று பயந்து மதராஸை விட்டு எல்லோரும் ஓடி வருகிறார்கள். அதனால் அங்கே வேலைக்கு ஆள் இல்லையாம். நான் நாளைக்கு ரயில் ஏறுகிறேன். விலாசம் அனுப்பப் போவதில்லை.

இதற்குள் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். நோட்டீசுக்காக முதலாளி எங்கள் இருவரையும் வைத்து எடுத்தது. நடுவில் கத்தரித்துப் பொன்னுத்தாய் பக்கத்தை அனுப்புகிறேன். அவளிடம் கேட்டேன், அழுதுகொண்டே சரி என்றாள். அஞ்சலைக்கு அம்மா முகம் வேண்டும்போது இதைக் காட்டுங்கள்.

பொன்னுத்தாயின் தோளில் நாலு விரல் தெரியும். வெட்டும்போது அந்த இடத்தில் மட்டும் கத்தரிக்கோலை வளைத்து ஓட்டினேன். யார் விரல் என்று பிள்ளை கேட்டால், எப்போதும் பின்னால் வருவாளே, அந்த நீலப் பட்டைக்காரியுடையது என்று சொல்லுங்கள்.

கமலவேணி