சியென்ஷர் என்றால் பாரம்

நவ. 3, திங்கள்

மழை, காற்று. பஸ் பிந்தியது. டென்மார்க்கின் இந்த ஹோர்சன்ஸ் ஊரில் குடை பிடிப்பவர்கள் புதிதாக வந்தவர்கள் மட்டுமே.

வேர்ஹவுசில் இன்று நாய்ச் சாப்பாட்டு மூட்டை. பக்கத்தில் மார்ட்டா, போலந்துப் பெண். டேனிஷ் என்னைப் போலவே அரைகுறை. ஒவ்வொரு மூட்டைக்கும் "சியென்ஷர்" என்று முனகினாள். என்ன அது என்று கேட்டேன். போலிஷில் பாரமாம். தராசில் தெரிகிற நிறைக்கு வேறு சொல், வாகா. அது ஜெர்மன் பக்கமிருந்து வந்தது, டேனிஷில் நிறையைச் சொல்லும் 'வெக்ட்'டுக்கு உறவுமுறை. சியென்ஷர் முதுகுக்குத் தெரிவது.

எங்களுக்கும் இருக்கிறதே, நிறையும் பாரமும்.

மாமி கேட்டவை: முருங்கைக்காய், நல்லெண்ணெய்.

நவ. 4, செவ்வாய்

மார்ட்டா போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். அந்தச் சொல்லின் வேர் 'இழுப்பது' என்பதாம். லொறிக்கும் அதிலிருந்துதான் பெயர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கர்ப்பத்துக்கும் அதே வேர். சியோன்ஷா," என்று என் வயிற்றைப் பார்த்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பின் என் மூட்டைகளையும் அவளே தூக்கினாள்.

வெட்கம். நிம்மதியும்.

நவ. 6, வியாழன்

பச்சைத்தண்ணீரும் குமட்டுகிறது. வேலையில் சொல்லட்டுமா என்று வீட்டில் கேட்டேன். மாமி காய் நறுக்கியபடி, "மூண்டு மாசம் முடியுமட்டும் வாய் திறக்காதை. போனமுறை எல்லாருக்கும் சொல்லித்தானே நாவூறு பட்டுக் கலைஞ்சது," என்றார்.

இவர்: "அம்மா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு."

எதில்தான் இல்லை. போனமுறையும் நான் மூட்டைதான் தூக்கினேன். அது ஒருவருக்கும் ஞாபகமில்லை. வேலையை விடவும் முடியாது, நிரந்தர வதிவிடம் கேட்க வேலை தொடர்ந்து இருக்க வேண்டும். சொன்னால் நாவூறு, சொல்லாவிட்டால் மூட்டை. கோபம் கோபமாக வருகிறது.

நவ. 7, வெள்ளி

மார்ட்டா பொறுப்பாளர் ஹென்ரிக்கிடம் சொல்லிவிட்டாள். "உன் நன்மைக்குத்தான்," என்றாள். நல்லவள், திட்டவும் முடியவில்லை.

ஹென்ரிக்கும் நல்லவர். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து பாண் சாப்பிடும் மேசையில், பிறந்தநாளுக்கு வைப்பதுபோல என் தட்டுக்கு முன்னால் சின்ன டேனிஷ் கொடியை நட்டு, "தில்லுக்கே" என்று எல்லோருக்கும் கேட்க வாழ்த்தினார். கடைசி மேசையில் எங்கள் கோயில் ஆட்கள் இருவர். மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். இனி எனக்கு லேபல் ஒட்டும் வேலை, இருக்கக் கதிரையும் உண்டு.

நான் வீடு வருமுன் செய்தி வந்துவிட்டது.

"ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை மாமி. அவையா அறிஞ்சது."

செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றினார். "இனி என்ன நடந்தாலும் நீதான் பொறுப்பு."

இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். இரத்தம் இல்லை. வந்து சோறு போட்டேன். திரும்பவும் போய்ப் பார்த்தேன்.