ஒன்பதாம் எண் பேருந்தின் பதில்

பைன் ஃபோர்க், மினசோட்டா
ஜனவரி 12, 1998

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. கள்ளிச்செடிக்குச் சிவப்புத் தொப்பி மாட்டிய படம். இங்கே இன்று காலை மைனஸ் இருபத்தெட்டு. உன்னைப் பொறாமைப்பட வைக்க இதை எழுதவில்லை. நீ பொறாமைப்பட மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பள்ளிப் பேருந்துகளின் வயர்லெஸ் மேசையில் உன் இடத்துக்கு வந்திருக்கும் கிறிஸ்டலைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல பெண். எல்லா ஓட்டுநர்களையும் "செல்லம்" என்கிறாள். வெள்ளிக்கிழமை நான்காம் எண் மார்லிஸ், "எனக்கு அறுபத்தொரு வயசு. முட்டியில மூணு ஆபரேஷன். என்னை நாலுன்னு கூப்பிட்டாப் போதும்" என்றாள். "சரி செல்லம்" என்றாள் இவள். இரண்டு முட்டிக்கு மூன்று ஆபரேஷன் எப்படி என்று கேட்க எனக்கு வழியில்லை. வயர்லெஸ் பேச்சைப் பிடித்துத் தரும் என் ஸ்கேனர் பெட்டி கேட்கத்தான் செய்யும், பேசாது. பதினான்கு வருடமாக நான் அதைப் பிரியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். புதன்கிழமை பதினொன்றாம் எண்ணில் ஓர் ஆடு ஏறிவிட்டது. இறங்க மறுத்ததாம். பள்ளிக்கூடம் போக இவ்வளவு ஆசைப்பட்ட ஒரு ஜீவனை இந்த ஊர் இதற்குமுன் கண்டதில்லை.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்த விஷயம். குழந்தைகளை இறக்கிவிட்டுப் பணிமனைக்கு வந்ததும் கிறிஸ்டல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறாள். ஒவ்வொருவரும் கடைசி இருக்கை வரை நடந்து, யாரும் தூங்கிக் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லவேண்டும். எட்டு சொல்கிறது. பிறகு பத்து. அந்தச் சிறுமி டெஸ்ஸாவின் சம்பவத்துக்குப் பிறகு ஒன்பது என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இப்போது எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஓர் ஆண் குரல் வருகிறது. அவசரமில்லாத குரல்.

"ஒன்பது. கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பார்த்தேன். யாரும் இல்ல."

கிறிஸ்டல் ஒரு மூச்சு நிறுத்துகிறாள். பிறகு பத்தைக் கூப்பிடுகிறாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. பதினைந்து ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் வாயை மூடியிருப்பது இந்த மாவட்டத்தில் நடக்கிற காரியமா?

உன் அண்ணன்,
ஹால்வர்


டூசான், அரிசோனா
ஜனவரி 21, 1998

அன்புள்ள அண்ணா,

குளிரைப் பற்றி நீ எழுதுவதைப் பார்த்தால் அதை நீயே உற்பத்தி செய்வது போல இருக்கிறது. மஃப்ளர் போடு. டூனா மீன் டப்பாவைத் திறந்து அப்படியே சாப்பிடுவதாக மார்லிஸ் எழுதியிருந்தாள். ஆம், எனக்கும் ஒற்றர்கள் உண்டு.

அந்தக் குரல் யாரோ வேலையற்றவனின் விளையாட்டு. இல்லையென்றால் வேறு மாவட்டத்து ஒன்பதாம் எண் காற்று வாக்கில் கேட்டிருக்கும். கடும் குளிரில் அப்படி நடக்கும். இருபது வருடம் அந்த மேசையில் இருந்தவள் சொல்கிறேன், நம்பு.

அறுபத்தொன்பது வயதில் மனிதர்கள் தபால்தலை சேர்க்கிறார்கள், பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். கொஞ்ச நாள் அந்தப் பெட்டியை அணைத்து வை, அண்ணா. எனக்காக.

அன்புடன்,
வெர்னா


பைன் ஃபோர்க்
ஜனவரி 30, 1998

அன்பு வெர்னாவுக்கு,

நீ சொன்னபடி பெட்டியை அணைத்தேன். பதினொரு நிமிடம். அதற்குள் ஷெரிஃப் அலுவலகத்து டுவெயின் கதவைத் தட்டினான். அவனுடைய குழந்தைப் பருவத்து இருமல் முழுவதும் என் மருந்துக்கடையில்தான் கழிந்தது.

"ஹால்வர், ஊர்ல எல்லாத்தையும் ஒட்டுக்கேக்கற ஆளு நீங்கதான்னு சொன்னாங்க."

"ஒட்டுக்கேக்கறதுக்குக் கதவு வேணும், டுவெயின். எங்கிட்ட பெட்டிதான் இருக்கு."

"சரி, அந்த ஒன்பது யாருன்னு தெரியுமா? பெத்தவங்க பயப்படறாங்க. லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ்ல பேசறது குத்தம். புடிச்சாகணும்."

தெரியாது என்றேன். பொய். ஏரியலைக் கழற்றிவிட்டாலும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு பக்கம். மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் ரெய்னோ ஹுக்காலா வாடகைக்கு இருக்கிறான். ஒன்பதாம் எண்ணைப் பதினேழு வருடம் ஓட்டியவனின் குரலை எனக்குத் தெரியாதா?

அவனைப் பிடித்தால் நீதிபதி பழைய கோப்பைத் திறப்பார். அதில் என்ன இருக்கிறது என்று நாம் இருவரும் அறிவோம். டெஸ்ஸா பின் இருக்கையில் தூங்கிப்போனாள். மூன்று மணி நேரம் உறைகுளிரில் கிடந்தாள். இடது கையில் மூன்று விரல்கள் போயின. ரெய்னோ நடந்து பார்க்க மறந்தான்; அதை அவனே ஒப்புக்கொண்டான். மறதிக்கு வேலை மட்டும்தான் போயிருக்கும். நீ கூப்பிட்டுக் கேட்டபோது "நடந்து பார்த்தேன்" என்று பொய் சொன்னான் என்பதற்காகத்தான் ஒன்பது மாதம் சிறை. தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

நேற்று என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். 1992, ஜனவரி 21. என் கையெழுத்து. மேசை பேசுகிறது: "எல்லாரும் நடந்தாச்சுல்ல? சரி, உள்ள வாங்க, விறைச்சுப் போயிடுவீங்க."

நீ ஒன்பதைக் கூப்பிடவில்லை, வெர்னா. யாரையுமே கூப்பிடவில்லை.

உன் அண்ணன்,
ஹால்வர்


டூசான்
பிப்ரவரி 9, 1998

அண்ணா,

மைனஸ் முப்பத்தொன்று அன்றைக்கு. பதினாறு பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பதில் வாங்கினால் ஏழு நிமிடம் கூடுதலாக வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர் அதிகமான நாட்களில் எல்லோரையும் ஒரே மூச்சில் கேட்டு, மறுப்பு வராவிட்டால் சரி என்று விட்டுவிடுவேன். வருடக்கணக்காக அப்படித்தான். அதற்காகத்தான் அவர்கள் எனக்குப் பிறந்தநாள் கேக் வாங்கினார்கள். விசாரணையிலும் அவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

விசாரணையில் கேட்டார்கள்: "ஒன்பதைக் கூப்பிட்டீங்களா?" கூப்பிட்டேன் என்று வாய் சொல்லிவிட்டது. "என்ன பதில் சொன்னார்?" நடந்து பார்த்ததாகச் சொன்னார் என்றேன். முதல் பொய்க்கு ஒரு வினாடி தேவைப்பட்டது. இரண்டாவதற்கு அதுவும் தேவைப்படவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் எண்களைக் கூப்பிடவில்லை என்பது பதினாறு ஓட்டுநர்களைவிட உனக்கு நன்றாகத் தெரிந்தது, எழுதியே வைத்தாய். தொலைபேசி உன் சமையலறைச் சுவரில் இருந்தது. ஒரு வார்த்தை போதும்: "வெர்னா, நீ கூப்பிடலையே." டெஸ்ஸா பத்து நிமிடத்தில் கிடைத்திருப்பாள், பத்து விரல்களோடு. விசாரணை ஆறு வாரம் நடந்தது. நீ கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாய். என்னைக் காப்பாற்றினாயா, உன்னையா?

அந்தக் குறிப்பேட்டை அடுப்பில் போடு.

வெர்னா


பைன் ஃபோர்க்
பிப்ரவரி 20, 1998

அன்பு வெர்னாவுக்கு,

உன் கேள்வி நியாயமானது. ஒரு வாரமாக அதற்கு ஒரு நல்ல பதில் தேடினேன். பதில்கள் நிறைய இருந்தன. நல்லதாக ஒன்றும் இல்லை.

குறிப்பேட்டை அடுப்பில் போடவில்லை. ரெய்னோவிடம் எடுத்துப் போனேன். காலை எட்டே கால். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே சமையலறை நாற்காலிகள், மடக்கு நாற்காலிகள், இரண்டு வாளிகள், ஒரு பெட்டி எல்லாம் சுவரோரமாக இரண்டு வரிசை. நடுவில் வழி. ரெய்னோ முன்னாலிருந்து பின்னால் நடந்து வந்தான், இருபக்கமும் பார்த்துக்கொண்டே. ஒவ்வொரு நாற்காலிக்கும் குனிந்து அடியிலும் பார்த்தான். வாளிக்கும். கடைசி வரை வந்து, சுவரைத் தொட்டு, மைக்கை எடுத்துச் சொன்னான். பிறகுதான் என்னைக் கவனித்தான்.

"உக்காருங்க ஹால்வர். ரெண்டாவது வரிசையில வேண்டாம், நாற்காலி கால் ஆடும்."

"ஏன் ரெய்னோ இப்படிப் பண்ற? புடிச்சுருவாங்க."

"அன்னிக்கு நடக்கல. இப்ப நடக்கறேன். பார்த்துட்டா யார்கிட்டயாவது சொல்லணும்ல? சொல்லலைன்னா பார்த்ததாவே ஆகாது. அதுதான் ரூல்."

குறிப்பேட்டைக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தான். நீ சொன்னதைப் படித்தபோது முகத்தில் எதுவும் மாறவில்லை. அது அவனுக்கு முன்பே தெரியும். அதற்குக் கீழே நான் எழுதியிருந்ததை, உனக்குக்கூட எழுதாததை, சத்தமாகப் படித்தான்: "8:21. எண் எதுவும் கூப்பிடவில்லை. 9 உட்பட. காபி போட்டேன்."

குறிப்பேட்டை மூடி மடியில் வைத்தான்.

"காபி நல்லா இருந்துச்சா?" என்றான்.

கிண்டல் இல்லை, வெர்னா. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். ஞாபகமில்லை என்றேன். தலையாட்டினான்.

மறுநாளே டுவெயின் அவனைப் பிடித்துவிட்டான். நான் சொல்லவில்லை. மார்ச் 5 விசாரணை. நான் சாட்சி சொல்லப் போகிறேன். நீயும் வா. பயணச்சீட்டு நான் அனுப்புகிறேன். இங்கே உன் அறையில் போர்வைகள் இருக்கின்றன.

உன் அண்ணன்,
ஹால்வர்


பைன் ஃபோர்க்
மார்ச் 5, 1998

வெர்னா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இன்று பத்து மணிக்குக் கூப்பிடும்வரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். "அன்னிக்கே ஏன் போன் பண்ணலை, மிஸ்டர் லிண்ட்?" என்று கேட்டார். கேட்பது மட்டும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன் என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "விசாரணை நடந்தப்போ?" என்றார். மேசையில் இருந்தது என் தங்கை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உன் பெயரைச் சொன்னேன். நீ கூப்பிடவில்லை என்பதையும், கூப்பிட்டதாகச் சொன்னது பொய் என்பதையும். உன் கடிதத்தைக் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது.

ரெய்னோவை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பழைய தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி அரசு வழக்கறிஞருக்கு எழுதுகிறார்கள். டெஸ்ஸாவின் அம்மா வந்திருந்தாள். அவள் ரெய்னோவையோ நீதிபதியையோ பார்க்கவில்லை. ஒரு மணி நேரமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பத்திரிகைக்காரன் ஒருவன் உன் முகவரி கேட்டான். கொடுக்கவில்லை. கண்டுபிடித்துவிடுவான். அவனிடமிருந்து நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். எண்ணைப் பாதி சுழற்றிவிட்டு வைத்தேன். நீ எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தால், அதையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன் என்று தெரியும்.

வழக்கமாகக் கையெழுத்துக்கு மேலே எழுதும் இரண்டு வார்த்தைகளை இம்முறை எழுதவில்லை. அதற்கு இனி நீதான் அனுமதி தரவேண்டும்.

ஹால்வர்