இருபத்து நான்காம் தேதி வரை

மே 2

அன்புள்ள தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். என் போனையும் வீட்டு மடிக்கணினியையும் விசாரணைக்கு வேண்டுமென்று மருத்துவமனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம். தாள் உன் மருமகளின் நோட்டிலிருந்து கிழித்தது. அதற்கும் அவளிடம் ஒரு முறைப்பு வாங்கினேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினேழு வருஷமாக இந்த மனநல மருத்துவமனையின் ரெக்கார்ட் ரூம் என் பொறுப்பு. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று உன் அத்தானிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி யாரோ நானூறு பேருடைய கோப்புகளைத் திருடி, ஐந்து நாள் கழித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கோப்புகளைத் திறந்தது நான் என்று கணினி சொல்கிறதாம். அன்று நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்தேன். அதைச் சொன்னால் நிர்வாக அதிகாரி சிரிக்கிறார். "அப்ப பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்திருக்கீங்க. அத எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சுமுகமா முடிச்சுக்கலாம்மா" என்கிறார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

அந்த நானூறு பேரில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். அவருடைய சிகிச்சைக் குறிப்பைப் படித்த சில பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்தியிருக்கிறார்கள். வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "வெளிய போகாதுன்னு நம்பித்தான் மேடம் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

எங்கள் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மட்டும் என் பக்கம் ஒரு வார்த்தை சொன்னார். நீயும் உன் சிநேகிதர்களும் சேர்ந்து எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறீர்களே, அந்த இயங்குதளத்தில் பெரிய ஓட்டை இருப்பதாக ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி அறிவிப்பு வந்ததாம். எங்கள் கணினிகள் எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. நீ மெச்சிப் பேசியதைக் கேட்டு நான்தான் மருத்துவமனைக் கமிட்டியில் அதற்காக வாதாடினேன். திருடன் அந்த ஓட்டை வழியாக வந்திருக்கலாமா? உனக்குத் தெரியாமல் இருக்காது. உடனே எழுது.

உன்,
அக்கா

மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பாய் என்று சொல்கிறவன் உன்னோடு ஒரு நாள் வேலை பார்த்திருக்க மாட்டான்.

நீ கேட்டது சரிதான். உங்கள் வரவேற்பறையில் நோயாளிகள் தாங்களே பெயர் பதிந்துகொள்ளும் கணினி ஒன்று இருக்கிறதே, அதில் கை வைக்க முடிந்தவன் இந்தப் பிழையை வைத்து மொத்த அமைப்பின் சாவியையும் எடுத்துவிடலாம். அந்தச் சாவி கிடைத்துவிட்டால் யார் பெயரில் வேண்டுமானாலும் எதையும் திறக்கலாம். உன் பெயர் பதிவாகியிருப்பது உன்மேல் எந்தத் தப்பையும் நிரூபிக்காது.

இந்த மாதிரிப் பிழைகள் முதலில் எங்கள் பாதுகாப்புக் குழுவுக்குத்தான் வரும். நாங்கள் ஏழு பேர். திருத்தம் தயாராகி, இதை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்கள் தயாராகும்வரை விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்பது வழக்கம். முன்கூட்டிச் சொன்னால் திருடர்களுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். இதிலும் நாங்கள் அப்படித்தான் முடிவெடுத்தோம். அதனால் குழுவுக்குள் நடந்ததை எழுத்தில் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அறிவிப்பின் நகலை இணைத்திருக்கிறேன், விசாரணையில் காட்டு. அது போதும் என்று நினைக்கிறேன்.

பல் வலி எப்படி இருக்கிறது? அத்தானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

மே 13

தம்பிக்கு,

உன் நகலைக் காட்டினேன். அது போதவில்லை. போதாததோடு இன்னொரு கிணற்றிலும் என்னைத் தள்ளிவிட்டாய்.

இன்ஜினியர் என் மடிக்கணினியைச் சோதித்தார். விசாரணை அறையில், ஆறு பேர் முன்னால் கேட்டார்: "உலகத்துக்கே ஏப்ரல் இருபத்து நாலுல வந்த திருத்தம் உங்க வீட்டு லேப்டாப்புல மார்ச் முப்பதாம் தேதியே எப்படிங்க வந்துச்சு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் பக்கம் பேசியவர். இப்போது என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். ஓட்டை இருப்பது முன்கூட்டியே தெரிந்தவள், ஆகவே திருடனுக்குக் கூட்டாளி. இதுதான் இப்போது என்மேல் சொல்வது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மார்ச் முப்பது ஞாயிற்றுக்கிழமை. நீ வந்திருந்தாய். சாப்பிட்டு முடித்து, "அக்கா, உன் லேப்டாப் ரொம்ப மெதுவா இருக்கு, கொஞ்சம் பாக்கறேன்" என்று எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தட்டினாய். நான் உனக்கு காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆக, உனக்குத் தெரியும். என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, நான் பதினேழு வருஷமாகக் காவல் இருக்கிற கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாய். திரும்பி வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸில் இருந்து பார்த்தாயா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாங்கள் ஏழு பேர், நாங்கள் முடிவெடுத்தோம், எங்கள் வழக்கம். நீ என்ன செய்தாய் என்று ஒரு வரிகூட இல்லை. சின்ன வயதில் கண்ணாடி உடைந்தபோதும் "உடஞ்சுடுச்சு"தான். நீ உடைத்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்று கேள்வி. அந்தப் பிழை உங்களுக்கு எப்போது தெரிந்தது? திருத்தம் எப்போது தயாரானது? அதை வெளியிடாமல் தள்ளிப்போட முடிவெடுத்தபோது நீ என்ன சொன்னாய்? மற்ற ஆறு பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

அன்புள்ள என்று எழுதும் உரிமை இருக்கிறதோ இல்லையோ, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 11ஆம் தேதி ஒரு மாணவி பிழையைக் கண்டுபிடித்து எழுதினாள். அந்த வாரம் கடிதங்களைப் பார்க்கும் முறை என்னுடையது. நான்தான் பதில் போட்டேன். திருத்தம் ஒன்பதே நாளில் தயாராகிவிட்டது. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒரு பெரிய நிறுவனம் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக மார்ச் 20 வரை அவகாசம் கேட்டது. நான் கூடாது என்று சொன்னேன். ஐந்துக்கு இரண்டில் தோற்றேன்.

மார்ச் 19ஆம் தேதி மறுபடி கேட்டார்கள். "இன்னும் அஞ்சு வாரம்தானே கேக்கறோம். இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்றார் அவர்கள் ஆள். அந்த மாணவி எங்களுக்குத் தனியாக எழுதினாள்: திருத்தம் கையில் இருக்கும்போது ஏன் மறைக்கிறீர்கள், யாராவது வேறொருவன் இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள் என்று. அவளுக்கு நான் பதில் போடவில்லை. அன்று அலுவலக வேலையே தலைக்கு மேல் இருந்தது. திரும்பவும் வாதம் ஆரம்பித்தால் பத்து நாள் இழுக்கும் என்று தெரியும். மூன்றுக்கு மூன்று என்று நின்றது. என் வாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். "சம்மதம்" என்று தட்டிவிட்டு மூடினேன். உலக நன்மையை யோசித்துச் செய்யவில்லை அக்கா. அலுத்துப்போய்ச் செய்தேன்.

உன் மருத்துவமனை என் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. அங்கே சொன்னால் எங்கிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். வீட்டுக் கணினியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இத்துடன் விசாரணைக் குழுவுக்கு மூன்று பக்கக் கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாத் தேதிகளும், நான் போட்ட வாக்கும், மார்ச் முப்பது உன் கணினியில் உனக்குச் சொல்லாமல் நான் செய்ததும் அதில் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையது. ஒரு நகலை எங்கள் குழுவுக்கும் அனுப்பினேன். தலைவர் போனில் கத்தினார்: "ரகசியத்த வெளிய விட்டுட்டியே, இது துரோகமில்லையா?" உன் லேப்டாப்பைச் சரிசெய்த அன்றைக்கே அந்தத் துரோகத்தைச் செய்துவிட்டேன் என்றேன். நேற்று என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம். அதைப் பற்றி உன்னிடம் புலம்பப் போவதில்லை.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். உன் கடிதம்தான் காரணம். அதை மறைக்க மாட்டேன். இன்ஜினியர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நிர்வாக அதிகாரி கேட்கவில்லை. அறிக்கையைப் படித்துக் காட்டி, "யார் மேலயும் தப்பில்லம்மா, டெக்னிக்கல் கோளாறு" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. "தப்பு இருக்கு சார்" என்றேன். "அஞ்சு வாரம் கேட்டவங்க தப்பு. சம்மதம்னு தட்டுன என் தம்பி தப்பு. யார் வேணா தொடற கம்ப்யூட்டரையும் ரெக்கார்ட் ரூம் கம்ப்யூட்டரையும் ஒண்ணா இணைக்காதீங்கன்னு நான் ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்ததப் படிக்காத உங்க தப்பு. மூணையும் அறிக்கையில போடுங்க." போடவில்லை. நானே தனியாக எழுதி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ செய்தது சின்ன விஷயம் இல்லை என்று அத்தான் சொல்கிறார். பன்னிரண்டு வருஷத்தை விட்டிருக்கிறான், இரண்டு வார்த்தை இதமாக எழுது என்கிறார். எனக்கு வரவில்லை. நீ கடிதம் கொடுத்தது நான் உன் அக்கா என்பதால். அந்த நானூறு பேரில் எவருக்கும் தம்பி உங்கள் குழுவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வேலை போய்விட்டது. கூடத்தில் அட்டைப் பெட்டிகள். ஊரை விட்டுப் போகிறார். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த மார்ச் 19ஆம் தேதி வரியில் விரலை வைத்து, "இவருக்கு அன்னைக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

அவருடைய புது விலாசத்தைக் கேட்டேன். யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். கீழே இருக்கிறது. எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது. அந்த மாணவிக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது உனக்கு. "நாங்கள்" என்று எங்கேயும் எழுதாதே.

டீச்சர் பதில் போட்டால் வீட்டுக்கு வந்து சொல். போடாவிட்டாலும் வந்து சொல்.

அக்கா