புயலின் கண்ணுக்குள் தங்கை

டிசம்பர் 3, ஞாயிறு.

சிலோனிலிருந்து கப்பலேறிய தங்கை ராஜி, பத்து நாள் தகவலே இல்லாமல் இருந்து, இன்று மதியம் பிள்ளையோடு குன்னூர் வந்து சேர்ந்தாள். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கான கடலோர முகாமில் தங்கியிருந்தபோது புயல் அடித்திருக்கிறது.

"கூரைத் தகரமெல்லாம் பறந்துச்சு அக்கா. திடீர்னு காத்தே நின்னுபோச்சு. நட்சத்திரம் தெரிஞ்சுச்சு. முடிஞ்சதுன்னு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துட்டேன். ஒரு மீன்காரம்மாதான், 'இது புயலோட கண்ணு, இன்னும் இருக்கு'ன்னு உள்ள இழுத்துட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கமிருந்து அடிச்சுச்சு. விடிஞ்சு பார்த்தா, நான் நின்ன எடத்துல தென்னை மரம் கிடக்குது."

புயல் அடித்த மறுநாள் இங்கே பெய்த மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொண்டேன். அதுவும் அந்தப் புயலின் மிச்சம்தான் போலிருக்கிறது. கடலைத் தாண்டி மலைவரை வந்த அவ்வளவு பெரிய சுழலுக்கு நடுவில், என் தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறாள்.